நடுவிரல் நிமிர்ந்து நின்ற நாட்கள்

பினாங்குத் தீவில், தண்ணீர்மலைக் கோயிலுக்குத் திரும்பும் சாலையின் சிவப்பு விளக்கில் எங்கள் பள்ளி வேன் நின்றிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை. மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. தார்ச்சாலையிலிருந்து கிளம்பிய ஆவியோடு, எங்கோ பொரிந்துகொண்டிருந்த பீசாங் கோரேங் என்கிற வாழைப்பழ பஜ்ஜியின் வாசனையும் திறந்த ஜன்னல் வழியாக உள்ளே வந்தது.

வேனை ஓட்டியவர் என் கணவர் மாறன். பள்ளிப் பிள்ளைகளை வீடுகளில் இறக்கிவிட்டு, என்னை மருத்துவமனைக்கு அழைத்துப்போய்க் கைக்கட்டு மாற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தார். நான் அவருக்குப் பின்வரிசையில், வலப்பக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வலது முழங்கையை ஜன்னல் சட்டத்தில் முட்டுக்கொடுத்து, கையை உயர்த்தி வைத்திருந்தேன். நெஞ்சுக்கு மேலேதான் கை இருக்க வேண்டும் என்பது மருத்துவரின் கட்டளை.

பக்கத்துத் தடத்தில் ஒரு சிவப்புக் கார் வந்து நின்றது. இங்கே காடி என்போம். ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண். கொண்டையில் மல்லிகை, நெற்றியில் திருநீறு, கோயிலுக்குப் போய்வந்த சாந்தமான முகம். அந்த முகத்தை நான் பார்த்துச் சில வருடங்கள் ஆகியிருந்தன. மாறனின் கூடப் பிறந்த அக்கா, என் நாத்தனார் பூங்கோதை.

அவரும் என்னைப் பார்த்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் மனம் வரவில்லை. கோபமெல்லாம் போதும், ஒரு கை காட்டிவிடுவோம் என்று தோன்றியது. உயர்ந்தே இருந்த வலது கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி, ஆட்டினேன்.

அதில் மற்ற விரல்களெல்லாம் சோர்ந்து மடங்கியிருந்தன. நடுவிரல் மட்டும் விறைப்பாக, வானத்தைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது.

பூங்கோதை அக்காவின் வாய் மெல்லத் திறந்தது. விளக்கு பச்சைக்கு மாறியது.

ஓடிக்கொண்டிருந்த ரம்பம்

அந்த விரல் அப்படி நின்ற காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது நான் சிம்பாங் அம்பாட்டில் ஒரு நாற்காலித் தொழிற்சாலையில் வேலை செய்தேன். விடியும் முன்னரே தொழிற்சாலை பஸ் வந்து எங்களைத் தீவிலிருந்து பாலம் கடத்திக் கொண்டுபோகும். என் இடம் பேண்ட் சா. இரண்டு பெரிய சக்கரங்களின் மேல் நாடா போல ஓடும் ரம்பம் அது. நாற்காலி முதுகின் வளைவுகளை அதில்தான் அறுப்போம். நன்றாக ஓடும்போது ஒரு தேனீக்கூட்டத்தின் சத்தம் வரும். அறுபட்ட ரப்பர் மரத்தின் வாசனை, லேசாகப் புளித்த பால் மாதிரி இருக்கும்.

அந்த இயந்திரத்தின் குணம் ஒன்றுதான் பொல்லாதது. பொத்தானை அமுக்கி நிறுத்தினாலும் ரம்பம் உடனே நிற்காது. சத்தம் அடங்கிவிடும். ஆனால் சக்கரம் தன் போக்கில் இன்னும் கொஞ்ச நேரம் சுற்றி, களைத்துத்தான் நிற்கும். இது எனக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அன்று சாப்பாட்டு மணி அடித்தது. கேண்டீனில் அன்றைக்கு மீன்தலைக் கறி. பொத்தானை அமுக்கினேன். மேசையில் ஒரு துண்டு மரம் ரம்பத்தின் ஓரமாகக் கிடந்தது. கேரம் காயைச் சுண்டுவது போல அதை நடுவிரலின் புறத்தால் சுண்டிவிடப் பார்த்தேன்.

வலியே தெரியவில்லை. ஜில்லென்று ஏதோ பட்ட மாதிரி இருந்தது. பார்த்தால், நடுவிரலின் நடு முட்டியில் மேல்பக்கமாக ஒரு சிறிய சிவப்பு வாய் திறந்திருந்தது. விரலை நிமிர்த்தப் பார்த்தேன். அது என் பேச்சைக் கேட்கவில்லை. என் உடம்பில் ஓர் உறுப்பு நான் சொல்வதைக் கேட்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

ஆ ஹோங் விழுந்தார்

பக்கத்து மேசையில் மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கிக்கொண்டிருந்த மலாய்த் தோழி காக் யாத்தி ஓடிவந்து, தோளில் கிடந்த துண்டால் என் கையை இறுக்கிச் சுற்றினாள். முதலுதவிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே இருந்தவை, முதுகுவலிப் பிளாஸ்திரி ஒரு பொட்டலம், காலியான தைல சீசா ஒன்று, யாருடையதோ மூக்குக் கண்ணாடி. துண்டே போதும் என்று விட்டுவிட்டோம்.

அப்போது எங்கள் சூப்பர்வைசர் ஆ ஹோங் வந்தார். அவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இளவயதில் வட்ட ரம்பத்தில் கை கொடுத்து, இடது சுட்டுவிரலில் பாதியை இழந்தவர். கேண்டீனில் இரண்டு தே தாரேக் கேட்டு அவர் இடது கையால் விரல் காட்டினால், தேநீர் கலக்குகிறவர் ஒன்றா இரண்டா என்று வாயால் கேட்டு உறுதிசெய்துகொள்வார். அந்த அரை விரலைத் தூக்கிக் காட்டித்தான் புதியவர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் நடத்துவார். ரத்தம் எப்படிப் பீய்ச்சியது, தான் எப்படி அசராமல் நின்றேன் என்றெல்லாம் விவரிப்பார். கேட்கிறவர்களுக்குச் சோறு இறங்காது.

அப்பேர்ப்பட்டவர் காக் யாத்தி சுற்றிய துண்டைப் பிரித்துப் பார்த்தார். "ஓ, கொஞ்சம்தான்" என்று மலாயில் சொன்னார். சொல்லிக்கொண்டே பின்பக்கமாகச் சாய்ந்து, மரத்தூள் மூட்டைகளின் மேல் பொத்தென்று விழுந்தார்.

தொழிற்சாலை வேனில் நீளமான இருக்கை ஒன்றுதான். மயக்கத்தில் இருந்தவரை அதில் படுக்க வைத்தார்கள். நான் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து, வலது கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடது கையால் அவருக்கு விசிறிக்கொண்டே போனேன். மருத்துவமனை வாசலில் சக்கர நாற்காலியோடு வந்த பணியாளர்கள் நேராக அவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டார்கள். தலையெல்லாம் மரத்தூள், முகத்தில் உயிரில்லை. யாரைப் பார்த்தாலும் அவரைத்தான் நோயாளி என்று சொல்வார்கள். நான் பின்னாலேயே நடந்துபோய், வெட்டு என்னுடையது என்று சொல்ல வேண்டியிருந்தது.

மருத்துவர் திரும்பி நின்றார்

விரலை நிமிர்த்தும் தசைநார் அறுந்திருந்தது. அன்றே தைத்தார்கள். ஆறு வாரம் அந்த விரல் மடங்கவே கூடாது, மடங்கினால் தையல் விட்டுப்போகும், அப்புறம் விரல் நிரந்தரமாகக் கோணிக்கொள்ளும் என்றார் இளம் பெண் மருத்துவர். அதற்காக விரலின் அடியிலிருந்து நுனிவரை ஒரு பிளாஸ்டிக் பட்டையை வைத்துக் கட்டினார். மற்ற விரல்களை லேசாக அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கை எப்போதும் உயரத்தில் இருக்க வேண்டும்.

கட்டி முடித்துவிட்டு, கையை உயர்த்திக் காட்டச் சொன்னார். காட்டினேன். அவர் சட்டென்று திரும்பி, சுவரில் இருந்த நாள்காட்டியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள்கள் மட்டும் குலுங்கின. திரும்பியபோது முகம் மிகவும் பொறுப்பாக இருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மின்தூக்கியில் ஒரு முதியவர் என்னைப் பார்த்து, அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொண்டார். கீழ்வீட்டு அம்மாளிடம் நலமா என்று கேட்டேன். அவர் என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

மாறன் தன் காலுறை ஒன்றை எடுத்துவந்து கையில் மாட்டிவிட்டார். அதற்குப் பிறகு யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. காலுறையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு போகிற பெண்ணுக்கு எல்லாரும் வழிவிட்டார்கள்.

சிவப்பு விளக்கில் நின்ற அந்த வெள்ளிக்கிழமை, காலுறை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

ஒரு முக்காலி

பூங்கோதை அக்காவுக்கும் எனக்கும் என்ன தகராறு என்று கேட்டால் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒரு முக்காலி.

தீவுக்கு எதிர்க்கரையில், செபராங் ஜெயாவில் அவர் புதுவீடு குடிபுகுந்தபோது, தொழிற்சாலையில் கழித்துப்போட்ட கட்டைகளைக் கேட்டு வாங்கி, நானே ஒரு முக்காலி செய்து கொண்டுபோனேன். பளபளவென்று மெருகேற்றியிருந்தேன். அழகாக இருக்கிறதென்று அதைக் கூடத்தின் நடுவில் போட்டார்கள். அக்காவின் சம்பந்தி, பெரிய உடம்புக்காரர், பாயசக் கிண்ணத்தோடு வந்து அதில்தான் உட்கார்ந்தார்.

கால் ஒன்று கழன்றது. மனிதர் அப்படியே பின்னால் போனார். பாயசம் மேலே போய், நிதானமாக அவர் வழுக்கைத் தலைக்கே திரும்பிவந்தது. ஒரு முந்திரி நெற்றியில் பொட்டு வைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டது.

கூடமே மூச்சடக்கி நின்றபோது ஒரே ஓர் ஆள் சிரித்தாள். அது நான். அக்கா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அறைக்குள் ஓடினார். அழத்தான் ஓடுகிறார் என்று நினைத்தேன். சொல்லாமல் கொள்ளாமல் மாறனை இழுத்துக்கொண்டு வீடு திரும்பினேன். அடுத்த நாள் அவர் அழைப்பார், திட்டுவார், சரியாகிவிடும் என்று காத்திருந்தேன். அழைப்பு வரவில்லை. நானும் அழைக்கவில்லை. அப்படியே வருடங்கள் ஓடிவிட்டன.

துரத்தல்

பச்சை விளக்கு விழுந்ததும் மாறன் கண்ணாடியில் பார்த்தார். தன் அக்காவின் காடியும் அக்காவின் முகமும் தெரிந்தன. நான் கையை எப்படி ஆட்டினேன் என்பதும் தெரிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேனை விரட்டினார்.

மாறன் யாருக்கும் பயப்படாத மனிதர், அக்காவைத் தவிர. சுற்றுச்சந்தியில் நுழைந்தால் எந்தப் பக்கம் வெளியேறுகிறோம் என்று தெரியாமல் அக்கா போய்விடுவார் என்று நினைத்தார் போலும். ஒரு சுற்று சுற்றினோம். சிவப்புக் காடியும் சுற்றியது. இன்னொரு சுற்று. எங்கள் வேனின் முதுகில் "பள்ளிப் பிள்ளைகள், கவனம்" என்று எழுதியிருக்கும். அதைப் படித்துக்கொண்டே அக்கா பின்னால் வந்திருப்பார்.

கடைசியில் மாறன் ஒரு பெட்ரோல் நிலையத்தில் ஒதுக்கி, டயருக்குக் காற்றடிக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்துகொண்டார். சிவப்புக் காடி வேனுக்குக் குறுக்கே வந்து நின்றது. பூங்கோதை அக்கா இறங்கி, நேராக என் ஜன்னலுக்கு வந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகியிருந்தார்.

"இத்தன வருசம் பேசாம இருந்துட்டு, கடைசில எங்கிட்ட சொல்றதுக்கு ஒனக்கு இதுதான் கெடச்சுதா?"

நான் கையைக் கீழே இறக்கினேன். வலி பிடுங்கியது, மறுபடி தூக்கினேன். மறுபடி அதே விரல். விளக்கம் சொல்ல வாயைத் திறந்தால் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சிரிப்பாக அழுகையும் வந்துவிட்டது. அந்த விரல் இனி மடங்குமா, நான் மறுபடி மரம் பிடிப்பேனா என்று அத்தனை நாளும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த பயம், பெட்ரோல் வாடையில் அந்த இடத்தில் வந்து கொட்டியது.

அக்கா அப்போதுதான் கட்டைக் கவனித்தார். துணியின் ஓரத்தில் மருந்தின் மஞ்சளும் காய்ந்த ரத்தமும் தெரிந்தன. அவர் முகம் மாறியது.

"எந்த மெசினு?" என்று மட்டும் கேட்டார்.

சொன்னேன். தலை வாராமல் பறந்துகொண்டிருந்த என் முடியைப் பார்த்தார். ரவிக்கையில் மாறன் தப்பாக மாட்டிவிட்டிருந்த கொக்கிகளைப் பார்த்தார். பிறகு டயர் பக்கம் திரும்பி, காத்து போதும்லா, எந்திரி என்று தம்பியிடம் சொன்னார்.

வாளியில் விரால்

அடுத்த நாள் காலை முதல் ஃபெரியில் ஒரு பெட்டியும் ஒரு வாளியுமாக வந்து இறங்கினார். வாளியில் உயிரோடு ஒரு விரால் மீன். இங்கே ஹாருவான் என்போம். வெட்டுக்காயம் ஆற அதற்கு மேல் மருந்தில்லை என்பதில் பினாங்கில் மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவருக்கும் ஒரே கருத்து.

அதிலிருந்து எனக்குக் காலையில் விரால் சூப்பு. மதியம் விரால் குழம்பு. மாலையில் இஞ்சி போட்டு மறுபடி சூப்பு. நான்காம் மாடியில் எங்கள் வாசலுக்குப் பூனைகள் வரிசையாக வந்து உட்காரத் தொடங்கின. போதும் அக்கா என்றால், விரல் ஒன்னோடதா என்னோடதா என்று கேட்பார். அவர் கேட்கும் தோரணையில் எனக்கே சந்தேகம் வந்துவிடும்.

தலை வாரிப் பின்னிவிட்டார். குளிக்க வைத்தார். ஸ்பூனோடு நான் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காமல், சோற்றைப் பிசைந்து உருட்டி வாயில் ஊட்டினார். முக்காலியைப் பற்றி இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை.

ஒரு நாள் காலை வாளி கவிழ்ந்தது. புது மீன், நல்ல பெரியது. குளியலறையிலிருந்து துள்ளி, கூடத்தைக் கடந்து, திறந்திருந்த கதவு வழியாகப் பொது நடைபாதைக்கே போய்விட்டது. பூனைகள் முதலில் பயந்து ஓடின, பிறகு யோசித்துத் திரும்பிவந்தன. மாறன் கைலியைப் பிடித்துக்கொண்டு ஓடினார். அக்கா துண்டோடு ஓடினார். மீன் படிக்கட்டை நெருங்கியது. நான் யோசிக்கவே இல்லை. எட்டிப் பாய்ந்து வலது கையை நீட்டினேன்.

ஈரத்தில் கால் வழுக்கிச் சுவரில் மோதினேன். கையில் டக் என்று ஒரு சத்தம் கேட்டது.

மருத்துவமனைக்கு ஓடினோம். பூங்கோதை அக்காவின் சேலையில் மீன் செதில்கள் மின்னின. காத்திருப்புக் கூடத்தில் என் இடது கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாம் தன்னால் வந்தது, மீனை வெட்டி வாங்கி வந்திருக்கலாம் என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அன்னிக்கு நான் அழுவறதுக்கு உள்ள ஓடலடி. சிரிப்ப அடக்க முடியல. சம்பந்தி நெத்தியில அந்த முந்திரிய பாத்தியா? மெத்தையில மூஞ்சிய புதைச்சி சிரிச்சிட்டு வெளிய வந்து பாத்தா, நீ போய்ட்ட. மறுநாளு நீ கூப்புடுவன்னு இருந்தேன். கூப்புடல. சரி, கோவமாதான் போய்ட்டா போலன்னு நெனச்சிட்டேன்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கூடத்தில் கை உடைந்தவர்கள், கால் உடைந்தவர்கள் எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்க்கும்படி ஆகிவிட்டது. ஒரு தாதி வந்து, சிரிக்கிறவர்கள் வெளியே போய்ச் சிரிக்கலாம் என்று பணிவாகச் சொன்னார்.

உடைந்தது விரலின் கீழே வைத்திருந்த பட்டைதான். தசைநாருக்கு ஒன்றுமில்லை. புதுப் பட்டை கட்டும்போது மருத்துவர், இனி மீன் பிடிப்பதாக இருந்தால் இடது கையைப் பழக்கிக்கொள்ளச் சொன்னார். எங்கள் மீனைக் கீழ்வீட்டு அம்மாள் பிடித்துக் குழம்பு வைத்திருந்தார். ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார்.

மறுபடி ரம்பத்தின் முன்

கட்டைப் பிரித்த அன்று விரல் குச்சி மாதிரி இருந்தது. மடங்கு என்று மனதுக்குள் கெஞ்சினேன். அது ஒரு நெல்லளவு அசைந்தது. பயிற்சிக்கு மருத்துவமனையில் பிசைவதற்குக் களிமண் மாதிரி ஒன்று கொடுத்தார்கள். அக்கா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, இதைப் பிசைந்து யாருக்கு என்ன லாபம் என்று முறுக்கு மாவை முன்னால் வைத்தார். தினமும் முறுக்கு. வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு பிசைவேன். கண்ணீர் மாவில் விழுந்தால், உப்பு சரியா இருக்கு என்பார். மாறனின் வேனில் ஏறிய பிள்ளைகள் அந்த மாதங்களில் நன்றாகவே தேறினார்கள்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், பேண்ட் சாவின் பொத்தானில் விரலை வைத்துவிட்டு அமுக்காமல் நின்றேன். காக் யாத்தி தன் மேசையை விட்டு வந்து பக்கத்தில் நின்றாள். மேசையின் ஓரத்தில் ஆ ஹோங் நீளமான ஒரு தள்ளுகோலைக் கட்டிவைத்திருந்தார். துண்டுகளைத் தள்ள இனி அது மட்டும்தான். முதலுதவிப் பெட்டியிலும் உண்மையான கட்டுத்துணி இருந்தது. ஆ ஹோங் மட்டும் தொலைவில், விழுந்தால் அடிபடாத இடமாகப் பார்த்து நின்றிருந்தார்.

அமுக்கினேன். தேனீக்கூட்டம் கிளம்பியது. ஒரு வளைவு அறுத்தேன். நிறுத்தினேன். சத்தம் அடங்கியபின், கைகளைக் கட்டிக்கொண்டு ரம்பத்தின் பற்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியும்வரை நின்றேன். அன்றிலிருந்து அப்படித்தான். நான் வராமல் சாப்பாட்டுக்கு உட்காருவதில்லை என்று காக் யாத்தியும் நின்றாள். பிறகு மற்றவர்களும் தங்கள் இயந்திரங்கள் முன் நிற்கத் தொடங்கினார்கள். மணி அடித்தபின் சற்று நேரம், அத்தனை பேரும் கைகட்டி நிற்கும் அமைதி அந்தக் கொட்டகைக்கு வந்தது.

வெள்ளிக்கிழமைகள்

பூங்கோதை அக்கா ஒருவழியாகச் செபராங் ஜெயாவுக்குத் திரும்பினார். ஆனால் வெள்ளிக்கிழமை தோறும் தண்ணீர்மலைக் கோயிலுக்கு வரும்போது எங்கள் வீட்டில் இறங்கி, எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டுத்தான் போவார். விரலால் இன்னும் பின்ன முடியவில்லை அல்லவா என்று ஆரம்பித்த வழக்கம் அது. நான் வேலையை விட்டபிறகும், இதோ இன்றுவரை, நடக்கிறது.

போன வெள்ளிக்கிழமை. எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, மூன்று கால் பிரித்துப் பின்னிக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்துக் கதைகளில் மூழ்கியிருந்தபோது அவருடைய கைப்பேசி அடித்தது. பின்னலை விட்டுவிட்டு எழுந்து போனார். நான் ஏதோ நினைவில், இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய், மீதிப் பின்னலைப் பின்னி முடித்து, நுனியில் ரப்பரையும் சுற்றிவிட்டேன். விரல்கள் பத்தும் வேலை செய்தன.

திரும்பினால் அக்கா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகவோ தெரியவில்லை.

அவர் வந்து பழையபடி என் பின்னால் உட்கார்ந்தார். ரப்பரைக் கழற்றினார். பின்னல் முழுவதையும் பிரித்து, சீப்பை எடுத்து முதலிலிருந்து வாரத் தொடங்கினார்.

"வெரலு இன்னும் சரியாவல போல" என்றார். "அடுத்த வாரமும் வரணும்."